தே தாரிக்கை யாரும் தடுப்பதில்லை

பெக்கான் நானாஸ் சாலையோரக் கடைகளில் அன்னாசி குவிந்து கிடக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் தொடமாட்டார்கள். பப்பாளிக்கும் அதே கதிதான். "கரு கலைஞ்சிடும்" என்று மாமியார் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கிளினிக்கில் நாமும் வாதாட நேரமில்லாமல் தலையாட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம்.

பப்பாளி விஷயத்தில் மாமியார் சொல்வது பாதி சரி. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த பப்பாளி கொடுத்த எலிகளின் கருவுக்குக் கேடு வரவில்லை. காயிலிருந்து வடியும் பால்தான் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. எலிகளில் கண்டதுதான் என்றாலும், பப்பாளிக்காய்க் கூட்டையும் சோம் தாம் சாலட்டையும் தவிர்க்கச் சொல்ல அது போதும். பழுத்ததைத் தடுக்கக் காரணமில்லை. அன்னாசியின் புரோமெலைன் பெரும்பாலும் தண்டில் இருக்கிறது. இரண்டு துண்டுப் பழத்துக்குப் பயப்பட வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் காலையில் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு, ஒட்டுக்கடை தே தாரிக்கால் விழுங்குவதை யாரும் தடுப்பதில்லை. தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே நிற்கும்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்கிறோம். அவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார். இரும்பு உடலில் சேர வைட்டமின் சி உதவும். அது நிறைந்த, இங்கே மலிவாகக் கிடைக்கும் இரண்டு பழங்களைத்தான் வீட்டில் விலக்கி வைத்திருக்கிறார்கள். தே தாரிக்கில் கலக்கும் கட்டிப்பாலின் சர்க்கரை வேறு.

கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பசும்பால் இரண்டையும் தவிர்க்கக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாலில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் பெருகும், கொதித்தால் சாகும். சுறாவையும் தவிர்க்கச் சொன்னால், சுறாப் புட்டு பிள்ளை பெற்ற பிறகுதானே என்பார்கள். சுறாவில் தேங்கும் பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பதில் சின்ன மீன்களைச் சொல்லலாம்.

இதையெல்லாம் கர்ப்பிணியிடம் மட்டும் சொன்னால் வீட்டு வாசலோடு நின்றுவிடும். கூட வரும் மாமியாரையும் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டும் முன், மருமகள் எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரைக்கும் தேநீருக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடச் சொன்னால், அதைக் காவல் காக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.