உச்சியில் நிறுத்திய படம் வேண்டாம்



நீளமான பதிவு. கோல்ஃப் ஆடாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆடுகிறவர்கள் அனுப்பும் காணொளிகளில் எல்லாம் ஒரே காட்சிதான். மட்டை உச்சிக்குப் போனதும் படத்தை நிறுத்தி, இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். "சார், டஸ்டின் ஜான்சன் மாதிரி வந்துடுச்சா?"

வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

ஜான்சனின் மணிக்கட்டு உச்சியில் உள்ளங்கைப் பக்கம் வளைந்திருக்கும். அப்படி ஆடித்தான் 2020 மாஸ்டர்ஸை 268 அடிகளில் வென்றார். பென் ஹோகன் நேர்மாறு. 1955-இல் 'லைஃப்' பத்திரிகையில் அவர் வெளியிட்ட ரகசியத்தில் முக்கியமானதே, உச்சியில் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் சற்று மடக்குவது. இருவரில் யாருக்கு மார்க் போடுவீர்கள்?

என் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யோசியுங்கள். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு நேரம். அப்போது மட்டை முகம் எங்கே பார்க்கிறது, எந்தப் பாதையில், என்ன வேகத்தில் வருகிறது என்பதுதான் பந்துக்குக் கணக்கு. உச்சியில் மணிக்கட்டு அழகாக இருந்ததா என்று அது கேட்பதில்லை. உள்ளங்கைப் பக்கம் வளைத்தால் முகம் மூடும், புறங்கைப் பக்கம் மடக்கினால் திறக்கும். ஹோகனுக்கு ஹூக் தொல்லை இருந்தது, திறந்துவைத்தார். ஸ்லைஸ் அடிக்கும் நீங்களும் திறந்தால் பந்தைப் புதரில் தேட வேண்டியதுதான். ஏற்கெனவே இடக்கையை வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பவர் ஜான்சனைப் பார்த்து வளைத்தால், உடம்பை அவரளவு சுழற்ற முடியாமல் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடுவார். மணிக்கட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பிடி. அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை!

எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. நம் மாணவன் ஒருவன், நாள் முழுக்கக் கீபோர்டு தட்டும் கை, இணையத்தில் கட்டணம் வாங்கும் ஒரு பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் வலிக்க வலிக்க வளைத்தான். இப்போது கையில் பட்டை. காபி டம்ளர் தூக்க முடியவில்லை. வலி வந்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம் என்றாராம் அந்த மேதை.

ஜான் ராம் வலது பாதம் வளைந்து பிறந்தவர். கணுக்கால் முழுதாக அசையாது, அதனால் குட்டையான ஸ்விங். அதை வைத்தே 2021-இல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். ஊட்டியில் வேலை பார்த்த காலத்தில் அங்கே கேடிகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். உச்சியில் ஆளுக்கொரு கோலம். பந்தைத் தொடும்போது மட்டும் எல்லோருடைய இடது புறங்கையும் இலக்கைப் பார்க்கும், கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கும்.

இனி அனுப்புவதானால் முதலில் பிடியை அனுப்புங்கள். மேலிருந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு மூன்று முட்டி தெரிய வேண்டும். மட்டை உள்ளங்கையில் அல்ல, விரல்களில் உட்கார வேண்டும். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை அரை ஸ்விங், ஐம்பது பந்து, பந்தைத் தொடும் இடத்தில் நிறுத்திய படம். வலித்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சிவப்பு வட்டம் போட்டு வருவதைத் திறக்கவே மாட்டேன்.