தாயின் பிள்ளைப் பருவம்

"தோட்டத்துத் தாய்மாருக்குப் பிள்ளைகளிற் பற்றுக் குறைவு" என்ற பேச்சை ஆசிரியர் அறைகளிலே பலகாற் கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்: நானும் அவ்வாறு சொன்னவனே.

2015இல் மலையகப் பாடசாலையொன்றில் மூன்றாம் வகுப்புக்குக் கற்பித்தேன். ஒரு சிறுமி தலை வாராமலே வருவாள், பசியோடு வருவாள், காய்ச்சல் கண்ட அன்றும் வந்தாள். தாயை அழைப்பித்துப் பிறர் முன்னிலையிலே கடிந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. பின்னொரு நாள் தாமாகவே வந்து, "எனக்குத் தலை சீவிவிட யாரும் இருக்கலைங்க சேர்" என்றார். 1995இல், ஒன்பது வயதில், கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். காய்ச்சலோடு பாத்திரம் துலக்கியவருக்கு, காய்ச்சல் ஒரு பொருட்டாகத் தோன்றாததில் வியப்பென்ன?

இதனை இனத்தின் இயல்பென்பது அறியாமை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிக் குடும்பங்களைப் பிரித்தது. எஞ்சியோரின் வறுமை பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியது. அடிபட்டு வளர்ந்த தாயர் எல்லோரும் பிள்ளையைக் கைவிடுவதில்லை. இருமடங்கு அணைப்போரும் உளர். ஆயினும் அணைப்பென்பது பெற்றறிந்தால் எளிதில் வருவது.

தாயின் கதை சிறுமியின் பசியை ஆற்றாது என்பதும் மெய்யே. அவளுக்குக் காலையுணவு வேண்டியிருந்தது. அவள் தாய்க்கோ, கடியாமற் கேட்கும் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேண்டியிருந்தார்.