பெயர் எழுதாத கல்லறைகள்

ஈசிஆர்ல பைக்கை எடுத்துட்டுக் கிளம்பினா நம்ம ஆளுங்க மாமல்லபுரத்தோட திரும்பிடுவாங்க. கொஞ்சம் வரலாற்று ஆர்வக் கோளாறு இருக்கறவங்க (அடியேன் உட்பட) இன்னும் 15 கிலோமீட்டர் போய் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையைப் பார்ப்பாங்க. உள்ளே 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். பெரிய பெரிய கல்லுல டச்சு எழுத்து, குடும்பச் சின்னம் எல்லாம் செதுக்கியிருக்கு. துணி வாங்கிக் கப்பல்ல ஏத்த வந்தவன் இங்கேயே போய்ச் சேர்ந்துட்டான், பாவம். பார்க்க வேண்டிய இடம்தான்.

ஆனா கேளம்பாக்கத்துல இருக்கற எனக்கு அதைவிடப் பக்கத்துல, பல மடங்கு பழைய கல்லறைகள் இருக்கு. திருப்போரூர் தாண்டி சிறுதாவூர். (பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் பங்களாதான் ஞாபகம் வரும்!) பாறைக்கல்லை வட்டமா அடுக்கி, அடியில ஈமப்பேழை, கறுப்பு-சிவப்புப் பானை, இரும்புக் கருவின்னு வச்சுப் புதைச்சிருக்காங்க. 2007-08ல மத்திய தொல்லியல் துறை தோண்டிப் பார்த்த இடம். 2,000 வருஷத்துக்கு மேல பழசு. ஓஎம்ஆர்ல ஆணி புடுங்கற நம்மள்ல எத்தனை பேர் போயிருக்கோம்? பேரும் சின்னமும் இல்லைன்னா அது நமக்கு வெறும் கல்லு. பிளாட் போடறவருக்கும் அப்படித்தான்.

இதுக்குச் சட்டம் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு. 2010 திருத்தத்துக்கு அப்புறம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது. அதுக்கு மேல 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கணும். பல்லாவரத்துல போய்ப் பேசிப் பாருங்க, இந்த 100 மீட்டர்னாலே கடுப்பாவாங்க. அலெக்சாண்டர் ரீ 19ஆம் நூற்றாண்டுலயே சுடுமண் ஈமப்பேழை எடுத்த ஊர் அது. இன்னைக்கு அங்கே பார்க்க ஒண்ணுமே தெரியாது, ஆனா சொந்த மனையில மாடி எழுப்ப முடியாது. அவங்க கோபம் நியாயம்தான்னு நான் நினைக்கிறேன். கட்டாதேன்னு சொல்றதோட நிறுத்தாம, எதுக்காகன்னு காட்டவும் வேணும். எந்த இடத்துல என்ன கிடைச்சுதுன்னு தமிழ்ல ஒரு பலகை, பக்கத்து ஸ்கூல் பசங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சுத்திக் காட்டறது... இதுக்கு என்ன பெரிய செலவு ஆகிடும்?

அதுவரைக்கும் நாமளாவது போவோம். ஆள் நடமாட்டம் இருக்கற இடத்துல ராத்திரியோட ராத்திரியா ஜேசிபி நுழையறது கொஞ்சம் கஷ்டம். மார்கழி, தை மாசக் காலை நேரம் வசதி. கல்லு மேல ஏறி போட்டோ வேண்டாம், அது யாரோ ஒருத்தரோட சமாதி. பானை ஓடு கண்ணுல பட்டா ஞாபகார்த்தம்னு பையில போட்டுக்காதீங்க.