“கள்ளத்தோணி” என்று சொல்ல முன் கொஞ்சம் யோசிப்போம்



முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்த ரோஹிங்கியா படகைப் பற்றி நம்ம பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு விதமான செய்திகள் சுற்றுகின்றன. ஒன்று, பிள்ளைகளின் படத்தைப் போட்டு “துஆச் செய்யுங்கள்” என்கிறது. மற்றது, “கள்ளத்தோணிகளைத் திருப்பி அனுப்புங்கள், நமக்கே சாப்பாடு இல்லை” என்கிறது. இரண்டாவதை நம்மவர்களும் பகிர்வதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 19ஆம் திகதி, பெண்களும் சிறுபிள்ளைகளுமாக நூற்றுக்கும் அதிகமானோருடன் அந்தப் படகு முல்லைத்தீவுக் கடலில் காணப்பட்டது. முதலில் கண்டு உதவியவர்கள் அங்குள்ள தமிழ் மீனவர்கள். பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. 12 பேர் ஆட்கடத்தலில் பங்குள்ளவர்கள் என்ற சந்தேகத்தில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கே அந்த முகாமுக்குள் போக ஆரம்பத்தில் அனுமதி கிடைக்கவில்லை.

“இது ஆட்கடத்தல் வியாபாரம்” என்று அரச தரப்பு சொல்கிறது. இருக்கலாம். கடத்தல்காரனுக்குக் காசு கொடுக்காமல் அந்தக் கடலைக் கடக்க முடியாது. ஆனால் காசு வாங்கியவனும் காசு கொடுத்தவனும் ஒரே குற்றவாளியா? காசு வாங்குகிற முதலாளி படகில் ஏறுவதில்லை. அவன் கரையில் இருப்பான். சுக்கானைப் பிடிப்பவன் பல நேரம் கூலிக்காரன், அல்லது கட்டணம் கொடுக்க முடியாத பயணி. இதனால்தான் ஐ.நா.வின் ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறையின் 5ஆம் உறுப்புரை, கடத்தப்பட்டவரை அதற்காகவே குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது.

அடுத்தது தடுத்து வைக்கிற பிரச்சினை. விசா முடிந்த ஒரு வெளிநாட்டவரை மிரிஹானையில் வைத்தால், அவருடைய தூதரகம் கடவுச்சீட்டுக் கொடுக்கும், டிக்கட் போட்டு அனுப்பலாம். ரோஹிங்கியாக்களுக்கு அந்தத் தூதரகம் எங்கே? 1982ஆம் ஆண்டின் பர்மியப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அனுப்ப இடமில்லாதவரைப் பூட்டி வைத்தால், திறக்கிற திகதி யாருக்கும் தெரியாது. சிறையில் இருப்பவனுக்காவது விடுதலை நாள் தெரியும்.

இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை, உண்மைதான். ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994இல் ஏற்றோம். சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதில் இருக்கிறது.

“கள்ளத்தோணி” என்ற சொல்லுக்கு வருவோம். கம்பளை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் நம்மோடு கூடப் படித்தவர்களின் பாட்டன்மாரை அந்தச் சொல்லால்தான் ஏசினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கை முழுதாகத் தீர்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. முஸ்லிம்களும் அந்த ஏச்சைக் கேட்டவர்கள்தான். 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது கண்டி மாவட்டமே ஊரடங்கில் கிடந்தது. “இவர்கள் இந்த நாட்டவர்கள் இல்லை” என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்தான், 2017 செப்டம்பர் 26இல், கல்கிசையில் ரோஹிங்கியாப் பெண்களும் பிள்ளைகளும் தங்கியிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது.

நம் நாட்டவரும் படகில் போனவர்கள்தான். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடா போய்ச் சேர்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூடத் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2022 நவம்பரில் லேடி ஆர்3 கடலில் தத்தளித்தபோது 303 இலங்கையரை ஒரு ஜப்பானியக் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. நம் இளைஞர்கள் சிலர் தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று போய், மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் சிக்கினார்கள். அவர்களை மீட்கச் சொல்லி நாம் கேட்டோம். “விசா இல்லாமல் போனவர்கள்தானே, கிடக்கட்டும்” என்று சொல்லவில்லை.

நாடு கஷ்டத்தில் இருக்கிறது, எல்லாரையும் ஏற்க முடியாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. நாம் கேட்பது எல்லையைத் திறந்துவிடச் சொல்லி அல்ல. கடத்தல் வலையை விசாரியுங்கள், பணம் போன வழியைத் தேடுங்கள். பயணிகளைப் படை முகாமில் வைக்காமல் சிவில் பொறுப்பில் வையுங்கள். சட்டத்தரணியும் வைத்தியரும் போய்வர விடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கொடுங்கள். வேறொரு நாடு ஏற்கும்வரை மியன்மாருக்கு அனுப்பாதீர்கள். இதற்குப் பெரிய செலவு போகாது.

நம்மாலும் இரண்டு வேலை செய்ய முடியும். ஆதாரமில்லாத செய்தியை “ஃபோர்வர்ட்” பண்ணாமல் அழிப்போம். ஊருக்குள் “விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று காசு கேட்டு வருகிறவரிடம், வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்போம். வலை முல்லைத்தீவுக் கடலில் மட்டும் விரிக்கப்படவில்லை. ஓ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம் பிள்ளைகளின் ஃபோனிலும் விரிந்திருக்கிறது.