பாண்டு இடிஎஃப் விலை குறைஞ்சா நஷ்டமா? பழைய விலைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

வெள்ளகோவிலில் முருங்கைக்காய் விலை வாராவாரம் மாறும். வரத்து கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். கொப்பரை ஏலமும் அப்படித்தான். போன வாரம் என்ன விலை, போன வருஷம் இதே நேரம் என்ன விலை என்று பார்த்து முடிவெடுப்பது இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிய விஷயம்.

ஆனால், அதே கண்ணோடு செல்போனில் ஒரு பாண்டு இடிஎஃப்-ன் பழைய விலையைப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். விலை ஏறாமல் நிற்கும் ஃபண்டில் லாபம் வந்திருக்கலாம். விலை இறங்கிய ஃபண்டில் கடைசியில் நஷ்டமே இல்லாமல் போகலாம். எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

இப்போது ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 6.50 சதவீதத்தில் இருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. அதைத் தொடர்ந்து வங்கிகளின் டெபாசிட் வட்டியும் இறங்கியது. டெபாசிட் முதிர்ந்து கையில் பணம் வாங்கியவர்கள், ‘இதைவிடக் கொஞ்சம் கூடுதலா எங்க கிடைக்கும்?’ என்று தேடத் தொடங்கினர்.

இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பின்னலாடைத் தொழில் ஆட்டம் கண்டது. பனியன் கம்பெனி, நூற்பாலை, விசைத்தறி என்று இந்தப் பகுதியில் ஜவுளியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு, சேமிப்பு எந்த மாதம் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அவசரத்துக்கு விற்கும்போது என்ன விலை கிடைக்கும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். பழைய விலைப் பட்டியல் அதற்கு ஒரு துப்பு தரும், சரியாகப் படித்தால்.

பாண்டு இடிஎஃப் என்றால் என்ன?

அரசோ நிறுவனமோ கடன் வாங்கும்போது எழுதித்தரும் பத்திரம்தான் பாண்டு. பல பாண்டுகளை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையைச் சிறு யூனிட்டுகளாகப் பிரித்து, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும்படி பட்டியலிட்டால் அது பாண்டு இடிஎஃப்.

இந்தியாவில் இதற்குப் பிரபலமான உதாரணம் பாரத் பாண்டு இடிஎஃப். மத்திய அரசின் முயற்சியில் 2019 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நிர்வகிப்பது எடல்வைஸ் மியூச்சுவல் ஃபண்டு. ‘ஏஏஏ’ தரச்சான்று பெற்ற பொதுத்துறை நிறுவனங்களின் பாண்டுகளில் இது முதலீடு செய்கிறது. முதலில் 2023 ஏப்ரல், 2030 ஏப்ரல் என முதிர்வு மாதம் குறித்த இரண்டு ஃபண்டுகள் வந்தன. பிறகு 2025, 2031, 2032, 2033 ஆகிய ஆண்டுகளில் முதிர்வடையும் ஃபண்டுகளும் வந்தன. 2023, 2025 ஃபண்டுகள் முதிர்ந்து முடிந்துவிட்டன.

பேரில் ‘பாரத்’ இருப்பதால் அரசு உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடும் இதற்குக் கிடையாது.

பட்டியலில் என்னென்ன இருக்கும்?

தேதி, ஆரம்ப விலை, உச்ச விலை, குறைந்த விலை, முடிவு விலை, கைமாறிய யூனிட் எண்ணிக்கை, மாற்ற சதவீதம். பெரும்பாலான இணையதளங்கள், செயலிகளில் இவ்வளவுதான்.

முதலில் தேதியைக் கவனிக்க வேண்டும். சில வெளிநாட்டுத் தளங்களில் மாதம்தான் முதலில் வரும். அங்கே 04/07/2025 என்றால் ஜூலை 4 அல்ல, ஏப்ரல் 7.

வட்டி எங்கே போகிறது?

விலையைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பாரத் பாண்டு இடிஎஃப் வட்டியைப் பிரித்துத் தராது. வரும் வட்டியை மறுபடியும் பாண்டில் போடும். அதனால் வட்டி முழுக்க யூனிட் விலைக்குள்ளேயே சேர்ந்து, விலை நாளாக நாளாக உயரும்.

இதற்கு நேர் எதிர் ‘லிக்விட் பீஸ்’ இடிஎஃப். மிகக் குறுகிய காலக் கடன் சந்தையில் பணம் போடும் இந்த ஃபண்டின் விலை பல ஆண்டுகளாக 1,000 ரூபாயை ஒட்டியேதான் நிற்கிறது. பட்டியலைப் பார்த்தால் ‘பத்து பைசா கூட ஏறலையே’ என்று தோன்றும். உண்மையில் தினசரி வருமானம் கூடுதல் யூனிட்டாக முதலீட்டாளர் கணக்கில் சேர்ந்துவிடும். விலை அப்படியே இருக்க, யூனிட் கூடிக்கொண்டே போகும்.

அமெரிக்காவின் டிஎல்டி என்ற நீண்டகால அரசுப் பாண்டு இடிஎஃப் மாதாமாதம் வருமானத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. அது 2020-ல் 170 டாலரைத் தாண்டிப் போய், 2023 அக்டோபரில் 85 டாலருக்கும் கீழே வந்தது. இடையில் கையில் கிடைத்த பணம் இந்த விலையில் தெரியாது. அதைச் சேர்த்தால் நஷ்டம் சற்றுக் குறையும். ஆனாலும் பெரிய நஷ்டம்தான். ‘பாண்டு என்றால் இறங்கவே இறங்காது’ என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு பட்டியல் போதும்.

சரி, பாண்டு விலை ஏன் இறங்குகிறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 ரூபாய் பாண்டு, ஆண்டுக்கு 7 சதவீத வட்டி, அதாவது 70 ரூபாய். வாங்கிய பிறகு சந்தையில் வட்டி 8 சதவீதமாகிறது. புதுப் பாண்டு 80 ரூபாய் தரும்போது 70 ரூபாய் பாண்டை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால்தான் போகும்.

எவ்வளவு குறையும் என்பது முதிர்வுக்கு மீதியிருக்கும் காலத்தைப் பொறுத்தது. ஒரு ஆண்டுதான் மீதி என்றால் அந்தப் பாண்டு சுமார் 991 ரூபாய். 4 ஆண்டு என்றால் 967. 10 ஆண்டு என்றால் 933. வட்டி 8-க்குப் பதில் 6 சதவீதமாக இறங்கினால், 10 ஆண்டு பாண்டு சுமார் 1,074 ரூபாய்க்கு ஏறும்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் இருந்து 6.50 சதவீதமாக ஏறியது. ரிசர்வ் வங்கி அறிவிப்பதற்கு முன்பே சந்தையில் வட்டி ஏறத் தொடங்கிவிட்டது. 2022-ன் முதல் பாதியில் பாரத் பாண்டின் 2030, 2031 ஃபண்டுகளில் விலைச் சரிவு தெரிந்தது இதனால்தான். இங்கே எந்த நிறுவனமும் கடனைத் திருப்பித் தராமல் விடவில்லை. வட்டி ஏறியது, அவ்ளோதான்.

அப்போது பயந்து விற்றவர்களுக்கு அது நிஜ நஷ்டம். முதிர்வு வரை காத்திருப்பவர்களுக்கு, பாண்டுகள் ஒவ்வொன்றாக முதிர்ந்து முழுப் பணமும் ஃபண்டுக்கு வந்துவிடும். அதனால் வாங்கிய நாளில் அந்த ஃபண்டு காட்டிய ‘ஈல்டு’ எனப்படும் முதிர்வு வருவாய்க்கு நெருக்கமாகத்தான் அவர்களின் வருமானம் அமையும்.

போன வருஷ லாபம் இந்த வருஷமும் வருமா?

பலரும் ஏமாறும் இடம் இது. வட்டி இறங்கும் காலத்தில் பாண்டு ஃபண்டுக்கு இரண்டு வருமானம். ஒன்று வழக்கமான வட்டி. இன்னொன்று, பழைய பாண்டுகளின் விலை ஏறியதால் வந்தது. ‘ஓராண்டு வருமானம்’ என்று செயலி காட்டும் எண்ணில் இரண்டும் கலந்திருக்கும். அடுத்த ஆண்டும் விலை ஏற வேண்டுமென்றால் வட்டி இன்னும் இறங்க வேண்டும். அதற்கு யாரும் உறுதி தர முடியாது.

இன்னொன்று, முதிர்வு ஆண்டு குறித்த ஃபண்டு வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கும். 2030 ஃபண்டுக்கு 2022-ல் 8 ஆண்டு மீதி. 2026-ல் 4 ஆண்டுதான் மீதி. காலம் குறையக் குறைய ஆட்டமும் குறையும். 2022-ல் ஆடிய அளவுக்கு இனியும் ஆடும் என்றோ, அப்போது ஏறிய அளவுக்கு இனியும் ஏறும் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கிடும் முறையிலும் கவனம் தேவை. 1,000 ரூபாய் 5 ஆண்டில் 1,300 ஆனால் ‘வருஷம் 6 சதவீதம்’ என்று பலரும் சொல்வார்கள். கூட்டு வட்டிக் கணக்கில் அது சுமார் 5.4 சதவீதம்தான். வங்கி டெபாசிட்டோடு ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

முடிவு விலையை அப்படியே நம்பலாமா?

இடிஎஃப்-க்கு இரண்டு விலை உண்டு. உள்ளே இருக்கும் பாண்டுகளின் மதிப்பை வைத்துச் சொல்வது என்ஏவி. சந்தையில் கைமாறுவது சந்தை விலை. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. 2020 மார்ச்சில் கொரோனா பீதியில், அமெரிக்காவின் பெரிய பாண்டு இடிஎஃப்கள் கூட என்ஏவியைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறின.

அன்றைக்குக் கைமாறிய யூனிட் குறைவு என்றால், யாரோ ஒருவர் அவசரத்தில் விற்ற விலை கூட பட்டியலில் ‘குறைந்த விலை’யாக ஏறிவிடும். அதனால் எண்ணிக்கைப் பத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்கும்போது ‘மார்க்கெட் ஆர்டர்’ போடாமல், என்ஏவியை ஒட்டிய விலையைக் குறிப்பிட்டு ‘லிமிட் ஆர்டர்’ போடுவது பாதுகாப்பு.

வரி எப்படி?

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய யூனிட்டுகளில் வரும் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் ஆண்டு வருமானத்தோடு சேர்க்கப்பட்டு, அவரவர் வருமான வரி விகிதப்படி வரி போடப்படும். டெபாசிட் வட்டிக்கும் அதே விகிதம்தான். அதனால் ‘வரி மிச்சமாகும்’ என்று யாராவது சொன்னால், எந்த வருஷ விதியைச் சொல்கிறார் என்று கேட்பது நல்லது.

சுருக்கமாக, பார்க்க வேண்டியவை

● வட்டி விலைக்குள் சேர்கிறதா, தனியாக வருகிறதா?
● முதிர்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு?
● இன்றைய ஈல்டு எவ்வளவு? போன வருட லாபம் அல்ல.
● சந்தை விலை என்ஏவியை ஒட்டி இருக்கிறதா? தினமும் போதுமான யூனிட் கைமாறுகிறதா?

எல்லாவற்றுக்கும் மேலே, பணம் எப்போது வேண்டும் என்பது. 2028-ல் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர் 2033 ஃபண்டில் போட்டால், வட்டி ஏறியிருக்கும் ஒரு மாதத்தில் குறைந்த விலைக்கு விற்க நேரலாம். ஆறு மாதத்தில் தறிக்கு நூல் வாங்கத் தேவைப்படும் பணத்துக்கு, விலை ஏறி இறங்கும் எந்த நீண்டகால பாண்டு ஃபண்டும் சரியான இடம் இல்லை.