எந்தக் கணக்கிலும் சேராத சாவுகள்

நகரியில் விசைத்தறி ஓட்டும் தமிழர் பலருக்குப் பிழைப்பு ஆந்திரத்தில். சொந்தபந்தம் திருத்தணிப் பக்கம். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் தறி நின்றது. மாநில எல்லையும் மூடியது. ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் எல்லைச் சாலைகளில் சுவரே எழுப்பி, கண்டனம் கிளம்பிய பின் இடித்தது.

கொரோனாவுக்குப் பலியானவர் எத்தனை பேர் என்று அரசு நாள்தோறும் அறிவித்தது. நோய் தொடாமலே மாண்டவர்களை யார் எண்ணினார்கள்?

2020 மே 8-ஆம் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர் மீது சரக்கு ரயில் ஏறியது. ஜால்னாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட மத்தியப் பிரதேசத்தவர் அவர்கள். பெரும்பாலோர் கோண்டு பழங்குடியினர். அந்த ஆண்டின் பெரும்பகுதியில் வழக்கமான பயணிகள் ரயில்கள் ஓடவில்லை. ஆயினும் தண்டவாளங்களில் 8,733 பேர் இறந்ததாக ரயில்வே வாரியமே தெரிவித்தது. தற்கொலை செய்துகொண்ட தினக்கூலிகள் 2019-இல் 32,563 பேர். 2020-இல் 37,666 பேர். 2021-இல் 42,004 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு இது.

நோய்க்காலத்தில் கஷ்டம் எல்லோருக்கும்தானே என்று சிலர் கேட்கலாம். கஷ்டம் பொது, சாவு பொதுவாக இல்லை. வீடு இருந்தவன் வீட்டில் இருந்தான். கூலி நின்ற வெளியூர்க்காரன்தான் தண்டவாளத்தில் நடந்தான்.

அமெரிக்காவில் 2019-ஐவிட 2020-இல் போதை மருந்துச் சாவு விகிதம் வெள்ளையரிடையே 22 சதவீதமும் கறுப்பரிடையே 44 சதவீதமும் உயர்ந்ததை, 25 மாநிலங்களின் பதிவுகளைக் கொண்டு அந்நாட்டு அரசு நிறுவனமே கண்டது. இனவாரியாகப் பதிவு இருந்ததால் அநீதி வெளிச்சத்துக்கு வந்தது. இங்கோ, ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் பற்றிய விவரம் ஏதும் இல்லை என்று 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் கூறியது. கணக்கே இல்லாதபோது நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை என்றும் சொல்லிவிட்டது.

ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த வெளிமாநிலத் தொழிலாளி விபத்தில் மாண்டால், இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் தகவல் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. அந்த விதி ஒப்பந்தக்காரரோடு நிற்கலாகாது. எங்கே, எப்படி இறந்தாலும் போலீசாரின் மரண விசாரணை அறிக்கையில் இறந்தவரின் சொந்த மாநிலமும் தாய்மொழியும் தொழிலும் இடம்பெறவேண்டும். நகல் அவர் ஊர் கலெக்டருக்குப் போகவேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை. ஓர் உத்தரவு போதும்.

அடுத்த கொள்ளைநோய் சொல்லிவிட்டு வராது. வெளி மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதை இப்போதே கேட்டுப் பெறவேண்டும்.