காத்திருக்கும் வைன்

மதுவைப் பற்றிக் குடும்பப் பக்கத்தில் எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடிக்கச் சொல்ல இதை எழுதவில்லை. அறிந்துகொள்ளத்தக்க செய்தி இதில் உண்டு.

தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே, இர்ப்பினியா என்னும் மலைநாடு இருக்கிறது. அங்குள்ள தவுராசி என்ற சிற்றூரின் பெயரால் வழங்கும் செந்நிற வைன், அல்யானிக்கோ என்னும் கருமுந்திரிகைப் பழத்திலிருந்து செய்யப்படுவது. மலைக்குளிரில் இப்பழம் மிகத் தாமதித்தே பழுக்கும். பிற இடங்களிற் கொய்து முடித்து ஓய்ந்த பின்னர், ஒக்டோபர்க் கடைசியிலும் நவம்பரிலுமே இங்கே அறுவடை நடைபெறும்.

புதிதாக வடித்த தவுராசி நாவுக்கு இனியதன்று. நெடுநேரம் ஊறிய தேயிலைச் சாயத்தைப் பாலும் சீனியுமின்றி அருந்தினால் நாவும் ஈறும் இறுகுமல்லவா? அத்தகைய துவர்ப்பு, அதனோடு கூரிய புளிப்பு. தேயிலையிலும் முந்திரிகைத் தோலிலும் உள்ள தனின் வகைப் பொருள்களே அத்துவர்ப்பைத் தருகின்றன. இளமையில் வைனைக் குடிக்கவொண்ணாததாக்கும் இவ்விரண்டுமே பின்னர் அதற்குக் காவலாக நிற்பதுதான் வியப்பு. தனின் ஒட்சிசனை ஏற்று வைன் கெடாமற் காக்கிறது. புளிப்பு நுண்கிருமிகளை அடக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தனின் நிறப்பொருளோடு பிணைந்து, ஒரு பகுதி போத்தலின் அடியில் மண்டியாகப் படியும். துவர்ப்புத் தணியும். செந்நிறம் செங்கல் நிறமாக மாறும். அந்நாட்டுச் சட்டமோ மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருந்த பின்னரே விற்கவேண்டும் என்கிறது; அதில் ஓராண்டேனும் மரப்பீப்பாவிற் கழியவேண்டும்.

இரண்டாவது உலகப் போரின் பின்னர் இவ்வளவு பொறுமை எவருக்கு இருந்தது? விளைச்சல் மிகுந்த வேறு கொடிகளை நட்டால் விரைவிற் காசு வரும். அயலார் பலர் அவ்வாறே செய்தனர். பழைய கொடிகளைக் கைவிட மறுத்தவர்களுள் முதன்மையானவர் அந்தோனியோ மாஸ்திரோபெரார்தினோ. அவர் குடும்ப நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டுத் தவுராசி, பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் சுவைஞராற் போற்றப்பட்டது. இடையிலே, 1980ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி நேர்ந்த பூகம்பத்தில் அம்மலைநாட்டு ஊர்கள் பல இடிந்து வீழ்ந்தன. ஏறக்குறைய மூவாயிரம் பேர் மாண்டனர். எஞ்சியவர்கள் மீண்டுங் கொடிகளைப் பேணினர். 1993இல் தவுராசிக்கு இத்தாலிய அரசின் மிகவுயர்ந்த தரச்சான்று கிடைத்தது.

அந்தோனியோ 2014இற் காலமானார். அவர் காலத்து முதிர்ந்த போத்தலைத் திறப்பவர்கள் அதனை ஒருநாள் முன்னரே நிமிர்த்தி வைத்து, மண்டி கலங்காவண்ணம் மெல்லச் சாய்த்து வார்க்கிறார்கள்.